த்ரெட் தூங்குவதும் எழுவதும்: கர்னலுக்குள் நடப்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்

ஆபரேட்டிங் சிஸ்டம் பாடம் படித்த எல்லோரும் த்ரெட்டின், அதாவது நிரலுக்குள் ஓடும் ஒரு வேலை இழையின், நிலைகளைக் காட்டும் அந்தப் படத்தை வரைந்திருப்போம். ரெடி, ரன்னிங், வெயிட்டிங் என்று வட்டங்கள், நடுவில் அம்புகள். நாகர்கோவில், தக்கலை பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு வரைவார்கள். ஆனால் ரன்னிங்கிலிருந்து வெயிட்டிங்குக்குப் போகும் அந்த ஒற்றை அம்புக்குள்தான் வில்லங்கம் முழுக்க இருக்கிறது. படம் அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. இங்கே அந்த அம்பையும், திரும்பி வரும் அம்பையும் பிரித்துப் பார்ப்போம். லினக்ஸின் கர்னலை, அதாவது வன்பொருளையும் நிரல்களையும் நிர்வகிக்கும் மையப் பகுதியை, வைத்துத்தான் பேசப்போகிறேன். வேறு கர்னல்களிலும் சங்கதி பெரிய அளவில் மாறாது.

கையில் ஒரு உதாரணம் இருந்தால் எளிது. குலசேகரத்தில் தெரிந்தவர் ஒருவர் ரப்பர் கடை வைத்திருக்கிறார். ஷீட் எடை போடும் மின்னணுத் தராசிலிருந்து ஒரு சீரியல் கேபிள் கிளம்பி, யுஎஸ்பி மாற்றி வழியாக ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினிக்குள் போகிறது. தட்டில் ஷீட் வைத்து எடை நிலைத்ததும் தராசு அதை ஒரு வரியாக அனுப்பும். பைத்தான் நிரல் அந்த வரியை வாங்கிச் சீட்டு அச்சடிக்கும். ஆள் வரும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் நிரலுக்குக் காத்திருப்பதுதான் வேலை.

முதல் படி: தூங்காத த்ரெட்டை அடையாளம் காணுங்கள்

யாரோ முன்பு எழுதிக் கொடுத்திருந்த நிரல் காத்திருக்கவில்லை. போர்ட்டைத் தடுக்காத முறையில் திறந்து, "எடை வந்ததா, எடை வந்ததா" என்று சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருந்தது. கடைக்காரர் என்னிடம் கேட்டது இதுதான்: "மக்களே, தராசு சும்மாதானே கிடக்கு, இந்தப் பெட்டி மட்டும் எதுக்கு இப்படிக் கொதிக்குது?"

"வேலை இல்லாததுனாலதான் அண்ணே கொதிக்குது" என்றேன். அவர் நம்பவில்லை.

டாப் கட்டளையைத் தட்டினால் சிபியுவின் நான்கு கோர்களில் ஒன்று முழுக்க இந்த நிரலிடம் மாட்டியிருப்பது தெரியும். அதைவிட நல்ல சாட்சி, ப்ராக் கோப்பகத்தில் அந்த நிரலின் எண்ணுக்குக் கீழே இருக்கும் ஸ்டேட்டஸ் கோப்பு. அதன் கடைசியில் இரண்டு எண்ணிக்கைகள் இருக்கும். ஒன்று, த்ரெட் தானாக சிபியுவை விட்டுக்கொடுத்த தடவைகள். மற்றொன்று, கர்னல் அதனிடமிருந்து பிடுங்கிய தடவைகள். ஒழுங்காகத் தூங்கும் த்ரெட்டில் முதல் எண் ஏறும். வெறுமனே சுற்றும் த்ரெட்டில் இரண்டாவது எண்தான் ஏறிக்கொண்டே போகும்.

இதற்குப் பலரும் செய்யும் வைத்தியம், சுற்றுக்கு நடுவே பத்து மில்லிவினாடி உறக்கம் ஒன்றைச் செருகுவது. சூடு குறையும், வாஸ்தவம். ஆனால் ஆளே வராத மத்தியான நேரத்திலும் நொடிக்கு நூறு தடவை சிபியுவைத் தட்டி எழுப்பிக்கொண்டிருப்போம். எடை வந்தாலும் பத்து மில்லிவினாடி வரை தாமதம். சரியான வழி, போர்ட்டைச் சாதாரணமாகத் திறந்து ரீட் அழைப்பைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பது. மிச்சத்தைக் கர்னல் பார்த்துக்கொள்ளும். எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்பதுதான் இனி.

இரண்டாம் படி: தூக்கம் என்றால் கர்னலுக்கு என்ன

த்ரெட் தூங்கும்போது விசேஷமாக எதுவும் ஓடுவதில்லை. ஒவ்வொரு கோருக்கும் ஒரு ஓட்ட வரிசை உண்டு. ஓடத் தயாராக இருக்கும் த்ரெட்டுகள் அதில் இருக்கும். அடுத்து ஓடுவது யார் என்று முடிவு செய்யும் ஷெட்யூலர், அதில் இல்லாத த்ரெட்டைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. ஓட்ட வரிசையில் இல்லாமல் இருப்பது, அவ்வளவுதான் தூக்கம்.

அப்படியானால் பிறகு யார் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் காத்திருப்பு வரிசை. எந்தப் பொருளுக்காகக் காத்திருக்கிறோமோ அந்தப் பொருளோடு ஒட்டி ஒரு பட்டியலும், அதைப் பாதுகாக்க ஒரு ஸ்பின்லாக்கும் (கிடைக்கும் வரை சுற்றிக்கொண்டே காத்திருக்க வைக்கும் பூட்டு) இருக்கும். நம் தராசு போர்ட்டுக்கென்று ஒரு வாசிப்பு வரிசை இருக்கிறது. தூங்கப் போகும் த்ரெட் அதில் தன் பெயரை எழுதிவிட்டுப் போகிறது.

1970-களின் யூனிக்ஸில் இந்தப் பட்டியல்கூடக் கிடையாது. நினைவகத்தின் ஏதோ ஒரு முகவரியைச் சொல்லி "இதற்காகத் தூங்குகிறேன்" என்று த்ரெட் படுத்துவிடும். எழுப்புகிறவர் அதே முகவரியைச் சொன்னால், கர்னல் ப்ராசஸ் அட்டவணை முழுவதையும் துழாவி, அந்த முகவரியில் படுத்திருக்கும் அத்தனை பேரையும் எழுப்பும். எம்ஐடியில் பாடம் நடத்தப் பயன்படும் எக்ஸ்வி6 கர்னல் இன்றும் இப்படித்தான் செய்கிறது. முதன்முதலாகக் கர்னல் கோடு படிக்கிறவர்கள் அங்கே தொடங்குவது நல்லது என்பது என் அபிப்பிராயம். லினக்ஸில் நேரே குதித்தால் மூச்சு முட்டும்.

மூன்றாம் படி: பார்ப்பதற்கும் படுப்பதற்கும் நடுவே உள்ள இடைவெளி

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

முதலில் யாருக்கும் தோன்றும் வரிசை இது:

எடை வந்ததா என்று பார்
வரவில்லையென்றால், வரிசையில் பெயர் எழுது
நிலையைத் "தூக்கம்" என்று மாற்று
ஷெட்யூலரை அழை

பார்த்த கணத்தில் எடை இல்லை. அடுத்த வரிக்குப் போவதற்குள் வேறொரு கோரில் எடை வந்து சேர்கிறது. எழுப்புகிறவர் வரிசையைப் பார்க்கிறார், அதில் யாரும் இல்லை, போய்விடுகிறார். இப்போது நம் த்ரெட் பெயரை எழுதி, நிலையை மாற்றி, தூங்குகிறது. எடை பஃபரில் (வந்த எழுத்துகள் தங்கும் இடத்தில்) கிடக்கிறது, எழுப்ப வேண்டியவர் வந்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஆள் ஷீட் கொண்டுவந்து தட்டில் வைக்கும் வரை இதற்கு விடிவு இல்லை. காணாமல் போன எழுப்பல் என்று இதைச் சொல்வார்கள்.

மழை நேரத்து ரப்பர் பால்வெட்டை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து எட்டிப் பார்க்கிறீர்கள், மழை பெய்கிறது. சரி, படுக்கலாம் என்று திரும்புகிறீர்கள். மழை விட்டால் வந்து எழுப்புகிறேன் என்று சொன்ன கூட்டாளி அந்த நொடியில் வருகிறான். மழை விட்டுவிட்டது. ஆனால் நீங்கள் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து, "எழும்பியாச்சு போல" என்று தோட்டத்துக்குப் போய்விடுகிறான். நீங்கள் படுத்துவிடுகிறீர்கள். அன்றைக்குப் பால் போச்சு. இதற்குத் தீர்வு விநோதமானது: முதலில் படுத்துவிட வேண்டும். படுத்த பிறகு ஜன்னல் வழியே மழையைப் பார்க்க வேண்டும். நடுவில் கூட்டாளி வந்தால் படுத்திருப்பவரைப் பார்த்து எழுப்பிவிடுவான். வராவிட்டாலும் மழை விட்டது உங்கள் கண்ணிலேயே படும். இரண்டில் ஒன்று கட்டாயம் நடக்கும்.

கர்னல் செய்வதும் அதேதான்:

வரிசையில் பெயர் எழுது
நிலையைத் "தூக்கம்" என்று மாற்று
எடை வந்ததா என்று பார். வந்திருந்தால் நிலையை மீட்டு வெளியே போ
ஷெட்யூலரை அழை

மூன்றாம், நான்காம் வரிகளுக்கு நடுவில் எடை வந்தால்? எழுப்புகிறவர் நிலையை மீண்டும் "ஓட்டம்" என்று மாற்றிவிடுவார். அதற்குப் பிறகு ஷெட்யூலரை அழைத்தாலும், நிலை "ஓட்டம்" என்று இருப்பதால் அது த்ரெட்டை ஓட்ட வரிசையிலிருந்து எடுக்காது. த்ரெட் சீக்கிரமே திரும்பி வந்து எடையைப் பார்த்துவிடும்.

இதில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. ஒன்று, கோடில் எழுதிய வரிசையிலேயே சிபியு நடக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. "நிலையை எழுது, பிறகு எடையைப் படி" என்றால், எழுதியது மற்ற கோர்களுக்குத் தெரியுமுன் படிப்பு நடந்துவிடலாம். ராஸ்பெரி பையில் உள்ள ஆர்ம் சிபியு மட்டுமல்ல, ஒழுங்குக்குப் பேர்போன எக்ஸ்86 சிபியுவே இந்த ஒரு மாற்றத்தைச் செய்யும். அதனால் நிலையை மாற்றும் லினக்ஸ் செயல்கூறு முழு நினைவகத் தடுப்பு ஒன்றையும் (முன்பு எழுதியது மற்ற கோர்களுக்குத் தெரிந்த பிறகே அடுத்ததைப் படிக்க விடும் கட்டளை) சேர்த்தே போடுகிறது. எழுப்பும் பக்கத்திலும் அதற்கு ஜோடியாக ஒரு தடுப்பு உண்டு. ஒரு பக்கம் மட்டும் போட்டால் பிரயோஜனமில்லை.

இரண்டாவது, நிலையைத் "தூக்கம்" என்று மாற்றிய மறுகணமே டைமர் இன்டரப்ட் (ஓடுவதை நிறுத்திக் கர்னலைக் கூப்பிடும் வன்பொருள் சமிக்ஞை) வந்து கர்னல் சிபியுவைப் பிடுங்கிக்கொள்ளலாம். அப்போதும் ஷெட்யூலர்தான் ஓடும். நிலையை மட்டும் பார்த்து ஓட்ட வரிசையிலிருந்து எடுத்துவிட்டால், எடையை இன்னும் பார்க்காத த்ரெட் அப்படியே தூங்கிப்போகும். ஆகவே பிடுங்கும்போது ஷெட்யூலர் நிலையைக் கண்டுகொள்வதில்லை. தானாக வந்து அழைத்தால் மட்டுமே எடுக்கும்.

இதே இடைவெளியை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அடைத்திருக்கிறார்கள். பழைய யூனிக்ஸ் ஒற்றை சிபியுவில் ஓடியதால் இன்டரப்ட்டுகளை நிறுத்திவிட்டுப் படுத்தது. எக்ஸ்வி6 தூங்கப் போகிறவரின் லாக்கைப் பிடித்த பிறகுதான் நிபந்தனையின் (இங்கே, எடை வந்ததா என்பதன்) லாக்கை விடுகிறது. லினக்ஸில் அடைக்காமல் விட்ட பழைய செயல்கூறு ஒன்றும் இருந்தது. நிபந்தனையைப் பார்க்காமல் படுத்துவிடும் அந்த ஸ்லீப்_ஆன் குடும்பம் 2014-இல், 3.15 பதிப்பில்தான் மொத்தமாக நீக்கப்பட்டது. தப்பு என்று ஊருக்கே தெரிந்தும் அவ்வளவு காலம் ஓடியது.

நம் போர்ட்டின் பக்கம் இன்னொரு வகை. அங்கே த்ரெட் வெயிட்_வோக்கன் என்ற செயல்கூறில் தூங்கும். எழுப்புகிறவர் வரிசையில் உள்ள பெயருக்குப் பக்கத்தில் "எழுப்பினேன்" என்று ஒரு குறி வைத்துவிட்டுப் போவார். த்ரெட் படுத்த பிறகு பார்ப்பது அந்தக் குறியை. பார்க்கும் பொருள் வேறு, முறை அதேதான்.

நான்காம் படி: சிபியுவை ஒப்படைப்பது

ஷெட்யூலரை அழைத்த பிறகு நடப்பது ஒப்பிடும்போது எளிது. த்ரெட்டை ஓட்ட வரிசையிலிருந்து எடுத்து, அடுத்தவரைத் தேர்ந்தெடுத்து, ரெஜிஸ்டர்களை (சிபியுவுக்குள் உள்ள தற்காலிக மதிப்புகளை) சேமித்து, ஸ்டாக்கை (செயல்கூறு அழைப்புகளின் குறிப்பு அடுக்கை) மாற்றுகிறது. தூங்குகிற ஒவ்வொரு த்ரெட்டும் தன் சொந்தக் கர்னல் ஸ்டாக்கில், ஷெட்யூலர் அழைப்பின் நடுவே உறைந்து நிற்கும். திரும்ப ஓடும்போது அதே இடத்திலிருந்து, அந்த அழைப்பிலிருந்து வெளிவருவதுபோல் தொடரும். யாரைத் தேர்ந்தெடுப்பது என்பது தனிக் கதை: 2007-இல் 2.6.23-உடன் வந்த சிஎஃப்எஸ் முறையை 2023-இல் 6.6 பதிப்பில் ஈஈவிடிஎஃப் மாற்றியது. தூக்கத்தைப் புரிந்துகொள்ள அது தேவையில்லை.

ஓட வேறு யாருமே இல்லையென்றால் அந்தக் கோருக்கென்று உள்ள சும்மா-த்ரெட் ஓடும். அது சிபியுவிடம் "இன்டரப்ட் வரும்வரை நில்" என்று சொல்லும் கட்டளையைத் தரும். ஆர்மில் அது டபிள்யூஎஃப்ஐ, எக்ஸ்86-இல் எச்எல்டி. பெட்டி குளிர்வது இங்கேதான். கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய உண்மையான பதிலும் இதுதான்.

ஒரு எச்சரிக்கை. ஸ்பின்லாக் பிடித்திருக்கும்போதோ, இன்டரப்ட் வந்ததும் ஓடும் கோடான இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள்ளோ தூங்கக் கூடாது. லாக்கை வைத்துக்கொண்டு படுத்தால் அதற்காகச் சுற்றுகிற மற்ற கோர்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். ஹேண்ட்லருக்கோ தனக்கென்று த்ரெட்டே கிடையாது, யாரைத் தூங்க வைப்பது? அப்படிச் செய்தால் கர்னல் பதிவேட்டில் "அணு நிலையில் ஷெட்யூலிங்", அதாவது தூங்கக் கூடாத இடத்தில் தூக்கம், என்று பிழை விழும். டிரைவர் எழுதப் பழகுகிறவர்கள் முதலில் சந்திக்கும் பிழைகளில் இது ஒன்று.

ஐந்தாம் படி: எழுப்புவது

ஷீட் தட்டில் விழுகிறது, எடை வரி கேபிளில் வருகிறது. இன்டரப்ட் வந்து நேரே நம் த்ரெட்டை எழுப்பும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். சீரியல் போர்ட்டில் அப்படி இல்லை. யுஎஸ்பி கன்ட்ரோலரின் இன்டரப்ட் வருகிறது, டிரைவர் எழுத்துகளை டிடிஒய் (கர்னலில் சீரியல் போர்ட்டுகளைக் கவனிக்கும் பகுதி) பஃபரில் போட்டு, ஒரு கர்னல் வேலையாளை எழுப்புகிறது. அந்த வேலையாள் எழுத்துகளை, அவற்றை வரிகளாக்கும் பகுதியான லைன் டிசிப்ளினுக்குக் கொடுக்கிறது. போர்ட் வரி முறையில் இருந்தால், வரி முடிவு எழுத்து வந்த பிறகுதான் லைன் டிசிப்ளின் வாசிப்பு வரிசையில் உள்ளவரை எழுப்பும். ஆக, ஒரு எடைக்கு இரண்டு எழுப்பல்கள். தராசு வரி முடிவு எழுத்தை அனுப்பாத ரகமாக இருந்தால் நிரல் எழவே எழாது. குறை கர்னலில் இல்லை, போர்ட் அமைப்பில் இருக்கிறது.

எழுப்பும் வேலையின் மையம் ட்ரை_டு_வேக்_அப் என்ற செயல்கூறு. பெயரிலேயே "முயற்சி" இருக்கிறது, காரணத்தோடுதான். முதலில் த்ரெட்டின் லாக்கைப் பிடித்து, நிலை உண்மையிலேயே தூக்கம்தானா என்று பார்க்கிறது. இல்லையென்றால் வேலை முடிந்தது. தூக்கம் என்று எழுதியும் இன்னும் ஓட்ட வரிசையிலேயே இருந்தால், மூன்றாம் படியில் பார்த்த இடைவெளியில் பிடித்துவிட்டோம் என்று அர்த்தம். நிலையை மட்டும் மாற்றினால் போதும்.

ஓட்ட வரிசையை விட்டுவிட்டது, ஆனால் இன்னும் ஒரு கோரின் மேலிருந்து இறங்கி முடியவில்லை என்ற நிலையும் உண்டு. ரெஜிஸ்டர்களைச் சேமித்துக்கொண்டிருக்கும்போதே வேறொரு கோர் அதை ஓட்டத் தொடங்கினால், ஒரே ஸ்டாக்கில் இரண்டு கோர்கள் நின்று எல்லாம் நாசமாகும். அதனால் "இன்னும் சிபியுவில்" என்ற குறி நீங்கும் வரை வேறு கோரில் ஓட விடாது. இதைப் படித்த பிறகு எனக்கு ஷெட்யூலர் எழுதுகிறவர்கள் மேல் இருந்த மரியாதை கூடிப்போனது.

அப்புறம் கோரைத் தேர்வு செய்து, அதன் ஓட்ட வரிசையில் சேர்த்து, நிலையை "ஓட்டம்" ஆக்குகிறது. அந்தக் கோர் உறங்கிக்கொண்டிருந்தால் கோர்களுக்கிடையிலான இன்டரப்ட் ஒன்றைத் தட்டிவிடும். எழுப்புவது என்றால் ஓட வைப்பது அல்ல, ஓடத் தகுதி கொடுப்பது மட்டுமே. உண்மையில் ஓடுவது எப்போது என்பதை ஷெட்யூலர் முடிவு செய்யும்.

ஆறாம் படி: எழுந்ததும் மறுபடி பார்க்க வேண்டும்

எழுந்ததால் எடை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே போர்ட்டை இன்னொரு த்ரெட்டும் வாசித்தால், நாம் ஓடத் தொடங்குமுன் அது வரியை அள்ளிக்கொண்டு போயிருக்கலாம். சிக்னல் ("நிரலை நிறுத்து" என்பதுபோல் வரும் அறிவிப்பு) வந்து எழுப்பியிருக்கலாம். அதனால் மேலே எழுதிய நான்கு வரிகளும் எப்போதும் ஒரு சுற்றுக்குள் இருக்கும். எழுப்பல் ஒரு துப்பு மட்டுமே என்ற இந்த வழக்கம் ஜெராக்ஸின் மேசா மொழியிலிருந்து வந்தது. கணினி அறிஞர்கள் லாம்ப்சனும் ரெடெல்லும் 1980-இல் அதை எழுதினார்கள். பிதிரெட் என்ற த்ரெட் நூலகத்தில் கண்டிஷன் வேரியபிளை (ஒரு நிபந்தனைக்காகத் தூங்க உதவும் வசதியை) "இஃப்"பில் வைக்காமல் "வைல்" சுற்றில் வைக்கச் சொல்வதும் இதனால்தான்.

ஒரே வரிசையில் பலர் காத்திருந்தால் இன்னொரு சிக்கல். ஒரு இணைப்பு வந்ததற்கு நூறு த்ரெட்டுகளும் விழுந்தடித்து எழுந்தால் தொண்ணூற்றொன்பது பேர் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். இதைத் தவிர்க்கத் தூங்குகிறவர் "தனி" என்று குறித்துக்கொள்ளலாம். எழுப்பும்போது குறியில்லாதவர்கள் எல்லோரும் எழுவார்கள், குறியுள்ளவர்களில் ஒருவர் மட்டும். பல இணைப்புகளை ஒன்றாகக் கவனிக்கும் ஈபோலில் இந்த வசதி 2016-இல் 4.5 பதிப்பில்தான் வந்தது.

ஏழாம் படி: எந்தத் தூக்கம்?

நிரல்களின் நிலையைக் காட்டும் பிஎஸ் கட்டளையில் எஸ் என்று வந்தால் கலைக்கக்கூடிய தூக்கம்; சிக்னல் எழுப்பும். டி என்று வந்தால் கலைக்க முடியாதது. மார்த்தாண்டம் பக்கம் கல்யாண வீடியோ எடிட் செய்யும் இடத்தில், நெட்வொர்க் சேமிப்பகத்துக்குக் கோப்பு ஏறிக்கொண்டிருக்கும்போது யாரோ கேபிளை உருவினால் நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் கோப்பு முறையில் எழுதிக்கொண்டிருந்த நிரல் டி-யில் மாட்டிக்கொள்ளும். சிபியு சும்மா இருந்தாலும் லோடு ஆவரேஜ் (சிஸ்டத்தின் வேலைப் பளுவைக் காட்டும் சராசரி) ஏறும், ஏனென்றால் லினக்ஸ் அந்தக் கணக்கில் டி-யையும் சேர்க்கிறது. 120 விநாடி தாண்டினால் "தடைபட்டு நிற்கிறது" என்று கர்னல் பதிவேட்டில் புகார் எழுதும்; அந்தக் கண்காணிப்பு பெரும்பாலான விநியோகங்களில் இயங்கும்.

ஏன் இப்படி ஒரு தூக்கம்? டிஸ்க் பாதி எழுதிய நிலையில் பின்வாங்கிச் சுத்தம் செய்யும் கோடு எழுதுவது கடினம், பல இடங்களில் எழுதவே இல்லை. 2008-இல் 2.6.25 ஒரு நடுவழியைக் கொண்டுவந்தது: சாகடிக்கும் சிக்னலுக்கு மட்டும் எழும் தூக்கம். டிரைவர் எழுதுகிறவர்கள் சோம்பலில் டி-யைப் போடாமல் இதைப் பழகினால் பயனாளர்கள் வாழ்த்துவார்கள்.

எட்டாம் படி: கர்னலுக்கு வெளியே உள்ள லாக்குகள்

உங்கள் நிரலில் உள்ள மியூடெக்ஸும் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் விடும் லாக்) இதே வழியில்தான் தூங்க வைக்கிறது, ஃப்யூடெக்ஸ் என்ற கர்னல் வசதி மூலம். லாக் காலியாக இருந்தால் கர்னலுக்குப் போகவே போகாது. ஒரு அணுச் செயலோடு (இடையில் யாரும் குறுக்கிட முடியாத ஒற்றைச் செயல்) முடிந்துவிடும். போட்டி இருந்தால் மட்டும், "இந்த முகவரியில் இந்த மதிப்பு இருந்தால் என்னைத் தூங்க வை" என்று கர்னலிடம் கேட்கும். கர்னல் தன் உள்லாக்கைப் பிடித்துக்கொண்டு மதிப்பை மறுபடி படிக்கும். மாறியிருந்தால் தூங்க விடாமல் உடனே திருப்பி அனுப்பும். மூன்றாம் படியின் அதே இடைவெளி, இங்கே ஒப்பிட்டுப் பார்த்து அடைக்கப்படுகிறது. விண்டோஸ் 8-இல் வந்த வெயிட்ஆன்அட்ரஸ்ஸும் இதே யோசனைதான்.

நேர வரம்போடு தூங்கினால் எழுப்புகிறவர் டைமர். சாதாரண த்ரெட்டுகளுக்கு லினக்ஸ் 50 மைக்ரோவினாடி வரை தளர்வு எடுத்துக்கொள்ளும், அக்கம்பக்கத்து டைமர்களை ஒன்றாகத் தீர்க்க. நிகழ்நேர முன்னுரிமை கொடுத்தால் அந்தத் தளர்வு இல்லை.

ஒன்பதாம் படி: நேரில் பார்த்துவிடுங்கள்

நிரலை மாற்றிய பிறகு பிஎஸ்ஸில், த்ரெட் எந்தச் செயல்கூறில் தூங்குகிறது என்று காட்டும் டபிள்யூசான் பத்தியைச் சேர்த்துப் பாருங்கள், தேவைப்பட்டால் சூடோவுடன். நேரடி ரீட்டில் நின்றால் வெயிட்_வோக்கன் என்று வரும். பைத்தானின் சீரியல் நூலகம் செலக்ட் என்ற வேறொரு அழைப்பு வழியாகக் காத்திருக்கும் என்பதால் அங்கே வேறு பெயர் தெரியலாம்; குழம்ப வேண்டாம், நிலை எஸ் என்றிருந்தால் சரி.

எடை போட்டும் சீட்டு தாமதமாக வந்தால் கர்னலின் ட்ரேஸ் வசதியில் ஷெட் பிரிவின் வேக்அப், ஸ்விட்ச் நிகழ்வுகள் இரண்டையும் இயக்குங்கள். நம் த்ரெட்டின் வேக்அப்புக்கும், அது சிபியுவில் ஏறும் ஸ்விட்சுக்கும் உள்ள நேரம் ஷெட்யூலரின் கணக்கு. அது பெரிதாக இருந்தால் வேறு ஏதோ நிரல் கோரை அடைத்துக்கொண்டிருக்கிறது. அது சிறிதாக இருந்து, வேக்அப்பே பிந்தி வந்தால் ஷெட்யூலரைக் குடைந்து பலனில்லை, யுஎஸ்பி மாற்றியைப் பாருங்கள். எஃப்டிடிஐ சிப் உள்ள மாற்றிகள் சில எழுத்துகள் மட்டும் வந்தால் இன்னும் வருமா என்று 16 மில்லிவினாடி வரை வைத்திருந்துதான் அனுப்பும். சிஸ் கோப்பகத்தில் அந்தப் போர்ட்டுக்குக் கீழே லேட்டன்சி டைமர் என்ற கோப்பு இருக்கும். அதில் 1 என்று எழுதிவிட்டு மறுபடி ட்ரேஸ் எடுத்துப் பாருங்கள்.